மத்தியானக் காற்று சாத்தும் கதவு

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர்கள் பாடு. எங்கள் சிலுவைத்துறையில் எதையும் கேட்டவுடனே நம்பிவிடுகிற வழக்கம் கிடையாது. சொந்த மாமியார் செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொன்னாலும், "யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பிப்போம்.

கார்த்திகை முடிந்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், வள்ளம் தள்ளப் போன ஆட்கள் கடல் கிடக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு தரை கிடக்கக் கண்டார்கள். எங்கள் கரை அரிவாள் மாதிரி வளைந்தது. தெற்கு நுனியில் கரும்பாறை, வடக்கு நுனியில் மணல்முனை. அந்த நுனியிலிருந்து இந்த நுனி வரைக்கும், கோயில் மைதானம் ஏழு சேர்த்தாலும் காணாத நீளத்துக்கு, நின்ற ஆள் மறைகிற கனத்துக்கு, ஐஸ். அதன்மேல் நாலைந்து கடற்பறவைகள் வலது காலை மாற்றி இடது கால், இடது காலை மாற்றி வலது கால் என்று நின்றுகொண்டிருந்தன. ஒருவர்கூட "இது என்ன?" என்று கேட்கவில்லை. "இதை எவன் கொண்டாந்து போட்டான்?" என்றுதான் கேட்டார்கள்.

முதல் சந்தேகம் ஐஸ் கம்பெனிக்காரன்மேல் போனது. அவனோ காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கி, என் பிழைப்பைக் கெடுக்க எங்கேயிருந்துடா மிஷின் வாங்கினீர்கள் என்று எங்களைச் சந்தேகப்பட்டான். பக்கத்து ஊரான மேலத்துறைக்காரர்கள், எங்களுக்கு மட்டும் சர்க்கார் ரகசியமாய் ஏதோ திட்டத்தில் கொடுத்திருக்கிறது என்று மனு எழுதிப்போட்டார்கள். கிராம அதிகாரி டேப்போடு வந்து, இது தரையா தண்ணீரா என்று ரொம்ப நேரம் யோசித்து, தரை என்றால் புறம்போக்கு, தண்ணீர் என்றால் என் பொறுப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். புறம்போக்கு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு நாலு கல்லைக் கொண்டுபோய் ஐஸ்மேல் நட்டு, பக்கத்துக் கல்லுக்காரன் கல்லை நகர்த்துகிறானா என்று காவல் இருந்தார்கள்.

ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துபோனதால் பெண்கள் அதை அடுப்போரம் வைத்து இளக்கித் தலைக்குத் தேய்த்தார்கள். கருவாடு காயவில்லை. டீக்கடை லியோனுக்கு மட்டும் நல்ல காலம். கடல் சும்மா கொடுத்த ஐஸ்தானே என்று வெட்டி எடுத்து மீன்பெட்டியில் போட்டார்கள். அதுவோ உப்பு ஐஸ், கம்பெனி ஐஸைவிடக் குளிர் கூட. சந்தைக்குப் போய்ச் சேரும்போது சீலா மீன் உலக்கை மாதிரி விறைத்துக் கிடந்தது. வியாபாரி விரலால் அமுக்கிப் பார்த்தான், அமுங்கவில்லை. "ஒரு மாசத்து மீனைக் கொண்டாந்து இன்னைக்குப் பிடிச்சதுங்கியளே" என்று எங்களையே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினான். அன்றைக்குத்தான் எங்களுக்கு அந்த ஐஸ்மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

அந்த ஐஸுக்கு ஒரு குணம் இருந்தது. தெற்கு நுனி கரும்பாறையில் கீல் போட்ட மாதிரி பிடித்துக் கிடக்க, வடக்கு நுனி மட்டும் அசையும். காலையில் கரையிலிருந்து காற்று போகும்போது வடக்கு நுனி வெளியே தள்ளிப்போய், மணல்முனைக்கும் அதற்கும் நடுவே நாலு வள்ளம் சேர்ந்து போகிற இடைவெளி விடும். மத்தியானத்துக்குமேல் கடலிலிருந்து காற்று வரும்போது திரும்பி வந்து மணல்முனையில் மோதும். அந்தச் சத்தத்துக்குக் கோயில் மணி தானாகவே ஒரு தரம் முனகும். ஆக, ஒற்றைக் கதவு. காலையில் திறக்கும், மத்தியானம் சாத்தும். எங்கள் ஆட்கள் ஆரம்பத்தில் பயந்துபோய், திறந்ததும் போய்ச் சீக்கிரமே திரும்பினார்கள். பயம் பழகப் பழக, பழைய மாதிரியே மத்தியானக் காற்று வரும் வரைக்கும் வெளியே கிடந்து, அந்தக் காற்று முதுகைத் தொட்டதும் பாயை விரித்து வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து எங்களை வீட்டுக்குக் கூட்டிவருகிற காற்று அது. என்ஜின் வந்த பிறகும், எண்ணெய் மிச்சம் என்று, அதை நம்பித்தான் திரும்புவோம். எதையும் நம்பாத ஊரில் நம்பப்பட்டது அது ஒன்றுதான்.

தை பிறந்ததும் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். விருதுநகர்ப் பக்கம், பெயர் வெயிலுகந்தாள். தெற்கே பூமி முடிகிற இடத்தில், பகலே இல்லாத மாசங்களில் கப்பலில் கிடந்து, கடலும் காற்றும் கடல்மேல் படிகிற ஐஸும் ஒன்றை ஒன்று என்ன செய்கின்றன என்று பார்ப்பதே அவளுக்கு உத்தியோகமாம். "வெயிலுக்கு உகந்தவளுக்கு ஐஸ்ல என்ன சோலி? உருக்கத்தான் வந்திருக்கா" என்றான் லியோன். வெளியாள் தங்கினால் ஊர்க்கமிட்டி குறித்துக் கொடுக்கிற வீட்டில்தான் தங்க வேண்டும், தங்குகிறவரை அந்த வீட்டுக்காரி கண்காணிக்க வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. தலைவர் தஸ்நேவிஸ் யோசிக்கவே இல்லை. கஸ்பார் பெண்டாட்டி கித்தேரியம்மாள் வீடு என்று சொல்லிவிட்டார். ஊரே சந்தேகக்கார ஊர் என்றால், கித்தேரி அந்த ஊருக்கே சந்தேகக்காரி. முட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குவாள். வாங்கின பிறகு கோழியையும் ஒருதரம் பார்த்துவிட்டு வருவாள்.

வெயிலு ஐஸில் ஐந்து துளை போட்டு ஐந்து கம்பிகளை இறக்கினாள். கம்பிக்குக் கம்பி நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று சின்னச் சின்னப் பெட்டிகள். தினமும் விடிந்ததும் கரும்பாறை வழியாய் ஐஸ்மேல் ஏறி நடப்பாள். கித்தேரியும் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு பத்தடி பின்னால் நடப்பாள்.

"அதுல என்னத்தப் பாக்குத?"

"கடல், காத்து, ஐஸ், மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும்க்கா. நான் ஒட்டுக்கேக்கேன்."

"ஒட்டுக்கேட்டுட்டு யாருட்ட போய்ச் சொல்லுவ?"

வெயிலு சிரித்துவிட்டாள். கித்தேரி சிரிக்கவில்லை. சிரித்து மழுப்புகிறாள் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

துளையிலிருந்து ஆள் நீளத்துக்கு ஐஸை உருவி எடுத்து வெயிலு சணல்மேல் கிடத்துவாள். அவள் அந்தப்பக்கம் திரும்புகிற நேரத்தில் கித்தேரி குனிந்து நக்கிப் பார்த்தாள். மேல்நுனி ஏறக்குறைய நல்ல தண்ணீர். அடிநுனி நாக்கைப் பிடித்து இழுக்கிற கைப்பு உப்பு. "இதுக்குள்ள என்னத்தட்டி கலந்த?" என்று கையும் களவுமாய்ப் பிடித்த தோரணையில் கேட்டாள்.

"நான் கலக்கலக்கா. கடல் உறையும்போது உப்பைத் துப்பிரும். துப்புன உப்புத்தண்ணி கனம். அது நேரே அடிக்குப் போய், தரையோட தரையா ஊர்ந்து, நூறு வருசமோ அதுக்கும் மேலயோ கழிச்சு நம்ம பக்கத்துக் கடலுக்கும் வரும். அங்க தென்கோடியில உறையுறதும் இங்க வலை விரிக்குறதும் ஒரே தண்ணிதான்."

"நூறு வருசம் கழிச்சு வாறதைப் பாத்தவன் யாரு?"

"ஒருத்தரும் பாக்கல. அளந்திருக்கோம்."

"அளந்தாளாம்" என்று கித்தேரி அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் சொல்ல, அதற்கப்புறம் பத்து நாளைக்கு யாராவது பொய் சொன்னால் "அளந்தியாக்கும்?" என்பதே ஊரில் பேச்சாய்ப் போயிற்று.

இன்னொன்றும் கித்தேரி கவனித்தாள். கதவு திறந்து கிடக்கும்போது அந்த இடைவெளித் தண்ணீரிலிருந்து உலைப்பானை மாதிரி புகை எழும். "சோத்துப்பானை மூடியத் தள்ளி வச்சா ஆவி வருமில்ல, அதான்க்கா. கடலுக்கு உள்ள சூடு, மேல குளிரு" என்றாள் வெயிலு. புகை கடல்பக்கம் சாய்ந்தால் கதவு திறந்திருக்கும். நிமிர்ந்து நின்றால் காற்று யோசிக்கிறது. கரைப்பக்கம் சாய்ந்துவிட்டால் கம்பிப்பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் இவ்வளவு நேரத்தில் சாத்தும் என்று வெயிலு சொல்லுவாள். சொன்னபடி சாத்தாத அன்றைக்கு இவளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கித்தேரி வலைநூல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, சொன்னது பலித்தால் ஒரு பக்கம், பொய்த்தால் மறுபக்கம் என்று முடிச்சுப் போட்டு வந்தாள். நாற்பது நாளும் ஒரே பக்கத்தில் முடிச்சு விழுந்தது.

"நாப்பது நாளா ஒரு பொய்கூடச் சொல்லலியே, இவளை எப்படிங்க நம்புறது?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"அதான் பாத்தேன்" என்றான் கஸ்பார். "என்னமோ இருக்கு."

மாசி பாதி நெருங்கும்போது வெயிலு தலைவர் வீட்டுக்குப் போனாள். வெயில் ஏற ஏறக் கடல்காற்றுக்குப் பலம் கூடும், சீக்கிரமே வரும், ஒருநாள் பத்து மணிக்கே கதவு சாத்தும், காற்றை எதிர்பார்த்து வெளியே கிடக்காதீர்கள், காற்றுக்கு முந்தித் திரும்புங்கள், அது தள்ளிக்கொண்டு வருகிற நேரத்தில் இடைவெளியில் இருக்கிற வள்ளம் மிஞ்சாது என்று சொன்னாள். அவ்வளவுதான், கோயில் மைதானத்தில் கமிட்டி கூடிவிட்டது.

"நம்மளை வீட்டுக்குக் கொண்டுவாற காத்து நம்மளைக் கொல்லுமாம்" என்றார் தஸ்நேவிஸ். "பெத்த தாயே வெசம் வப்பாங்கா."

"தொழில் நேரத்தைக் குறைச்சா, நாமளே கரையை விட்டுட்டு ஓடிருவோம்லா. பொறவு துறைமுகம் கட்ட வருவானுவ" என்றான் லியோன்.

"அந்தக் கம்பி அஞ்சும் ஆணி" என்று கஸ்பார் எழுந்து நின்றான். "ஆணி அடிச்சு வச்சா ஐஸ் எப்படிப் போவும்? பிடுங்குங்க, போயிரும்."

அவள் வருவதற்கு முன்பே ஒரு மாசமாய் ஐஸ் அங்கே கிடந்ததே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினவர்கள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய் ஐந்து கம்பிகளையும் பிடுங்கி, விலாங்கு மீன்களைப் போல மணலில் வரிசையாய்ப் போட்டார்கள். வெயிலு அழவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாய்த் துடைத்து, உடைந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு, ரிப்பேர் பார்த்துவர மூன்று நாள் ஆகும் என்று பஸ் ஏறினாள். "அக்கா, புகையை மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். ஐஸ் இருந்த இடத்தில்தான் இருந்தது. துளை ஆறவில்லை, ஆறினதும் போய்விடும் என்றார்கள்.

மறுநாள் பத்து வள்ளங்கள் வெளியே போயின. அதில் கஸ்பாரின் வள்ளமும் ஒன்று. கித்தேரி பழக்கத்தில் தனியாகவே ஐஸ்மேல் நடந்து போய், முன்னால் யாரும் இல்லாமல் பத்தடி பின்னால் நடக்கிற மாதிரியே நடந்து, வடக்கு நுனியில் நின்று புகையைப் பார்த்தாள். ஒன்பதரை மணிக்குப் புகை நிமிர்ந்து நின்றது. பிறகு, ஒருநாளும் இல்லாத வேகத்தில், படுத்த புல் மாதிரி கரைப்பக்கம் சாய்ந்தது. காலுக்கடியில் ஐஸ் ஒரு பெருமூச்சு விட்டது. வெளியே, தூரத்தில், அதே காற்றுக்காகக் காத்திருந்த பத்துப் பாய்களும் ஒவ்வொன்றாய் விரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது: அந்தப் பெண் சொன்னதை அவள் நம்பவில்லை. ஆனால் நாற்பது முடிச்சையும் போட்டது அவள் கைதான்.

கத்தினால் கேட்காத தூரம். வள்ளத்தை வெளியிலேயே நிறுத்த எங்கள் ஊரில் ஒரே ஒரு வழிதான் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் வைத்த சட்டம் அது: கொடிமரத்தில் மஞ்சள் துணி ஏறினால், ஊருக்குள் பேதி புகுந்துவிட்டது, எந்த வள்ளமும் கரை பிடிக்கக் கூடாது, துணி இறங்கும்வரை வெளியே நங்கூரம். எழுபது எண்பது வருசமாய் ஏறவில்லை; ஆனாலும் பேசத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். பொய்யாய் ஏற்றினவர்களுக்கு ஊர் விலக்கு என்பதும் தெரியும். கித்தேரி ஐஸ்மேலேயே கரும்பாறைக்கு ஓடி, அங்கே இறங்கி மணலில் விழுந்தடித்து ஓடினாள். வீட்டில் மஞ்சளாய் இருந்தது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சேலை ஒன்றுதான். அதைக் கொடிமரத்தில் கட்டி இழுத்தாள். ஆறு கஜமும் மேலே போய் விரிந்து கரைப்பக்கமாய்ப் படபடவென்று அடித்தது.

வெளியே முன் வள்ளத்தில் இருந்தவன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "மஞ்சத்துணிடே! எல்லாரும் பாயை இறக்கு!" என்று கூவினான். அப்புறம், "ஏ கஸ்பாரு, அது ஒன் பெண்டாட்டி சேலைல்லா?" என்றான்.

 நோய் புகுந்தது தன் வீட்டில்தான் என்று கஸ்பார் நினைத்தான். பாயை இறக்க மாட்டேன், என்ன ஆனாலும் போவேன் என்று திமிறினான். சட்டம் சட்டம்தான் என்று இரண்டு வள்ளக்காரர்கள் அவன் வள்ளத்தை நடுவில் போட்டுக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்தியது. கோயில் மணி முனகினது அவர்களுக்கே கேட்டது.

அன்று முழுக்க வெயிலில் கிடந்தார்கள். பிடித்த மீன் நாறிப்போனது. மறுநாள் விடிந்து கரைக்காற்று கதவைத் திறந்த பிறகு, துணி இறங்கினதைப் பார்த்துக் கரையேறினார்கள். கஸ்பார் முட்டளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தான். பெண்டாட்டி மணலில் நின்றிருந்தாள்.

"யாருக்குட்டி பேதி?"

"யாருக்கும் இல்லங்க."

கமிட்டி கூடினது. கித்தேரி புகையையும் நூலையும் சொன்னாள். தஸ்நேவிஸ் நூலை வாங்கி முடிச்சுகளை எண்ணிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வள்ளம் நொறுங்கியிருக்கும்ங்கா. நொறுங்கலியே. நடக்காத ஒண்ணுக்கு சாட்சி எங்க? முப்பது வருசமா அந்தக் காத்துல வந்தவுக, இன்னைக்கும் வந்திருப்பாவ." உயிரோடு உட்கார்ந்திருந்த ஒன்பது வள்ளத்து ஆட்களும், உயிரோடு இருப்பதால், ஆமாம் என்று தலையாட்டினார்கள். 

"அப்ப ஒரு வள்ளத்தை விட்டுப் பாருங்க" என்றாள் கித்தேரி. "ஆள் இல்லாம."

"யாரு வள்ளத்தை?"

எங்கள் கட்டுப்பாட்டில் இதற்கும் வழி இருந்தது. சொல்லை நிரூபிக்கிறவர்தான் பொருளை வைக்க வேண்டும். கஸ்பாருக்கு இருந்ததே அந்த ஒரு வள்ளம். அப்பன் கையிலிருந்து வந்தது. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான், முட்டையை வெயிலில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து போய்த் தானே வள்ளத்திலிருந்து என்ஜினைக் கழற்றினான், வலையை இறக்கினான், மாதா படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வள்ளத்தை இடைவெளியில் கொண்டுபோய்க் கல் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, மணல்முனையில் ஊரே கூடி நின்றது. மேலத்துறைக்காரர்களும், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். கித்தேரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவளுக்கு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வள்ளம் நொறுங்கினால் அவள் சொன்னது உண்மை, நாளைக்கு அடுப்பு எரியாது. வள்ளம் பிழைத்தால் அடுப்பு எரியும், அந்த அடுப்புக்கு ஊரில் ஒருவரும் தீ தர மாட்டார்கள், தண்ணீர் தர மாட்டார்கள், செத்தால் தூக்க வர மாட்டார்கள். வேண்டுகிறதற்கு வாயைத் திறந்து, ஒன்றும் வேண்டாமல் மூடிக்கொண்டாள்.

புகை நிமிர்ந்தது. சாய்ந்தது. ஐஸ் வந்தது, அவசரமே இல்லாமல், பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வருகிற பெரிய மனுஷன் மாதிரி. வள்ளத்தின் விலாவை முதலில் தொட்டது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு, வறுத்த கடலையை இரண்டு விரலில் வைத்து உடைக்கிற சத்தம் ஒன்று வந்தது, மணி முனகியது, இடைவெளி இருந்த இடத்தில் நாலைந்து பலகை நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

 கஸ்பார் மடியிலிருந்த மாதா படத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பழைய வள்ளம்லா" என்றார் தஸ்நேவிஸ். ஆனால் அதற்கு ஒருவரும் தலையாட்டவில்லை. ஊர் விலக்கு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

மறுநாள் விடிந்தது. கரைக்காற்று கதவைத் திறந்துவிட்டது. ஒன்பது வள்ளங்களும் தண்ணீரோரம் நின்றன, ஒன்றும் கிளம்பவில்லை. ஒருவன் கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஒருவன் காய்ந்த வள்ளத்திலிருந்து தண்ணீர் இறைத்தான். கஸ்பார் தஸ்நேவிஸ் வள்ளத்தில் கூலியாளாய் ஏறி உட்கார்ந்து, கரையையே பார்த்தபடி இருந்தான். கித்தேரி சாக்கைப் போர்த்திக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே வந்து, அவர்களைக் கடந்து, மணல்முனைக்குப் போய் நின்று புகையைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

தஸ்நேவிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், தன் வள்ளத்தின் விளிம்பைப் பார்த்துக் கேட்டார்: "எப்ப மூடும்?"

"பதினொண்ணுக்குள்ள திரும்பிருங்க."

"ஒன்னை நம்பிப் போகலாமா?"

கித்தேரி மணல்முனைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"நம்பாதிய" என்றாள். "புகையைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போங்க."